ரோஃபி மெனுவில் இரண்டாம் அடுக்கு திறக்காத கதை

லினக்ஸில், பட்டியலிலிருந்து செயலிகளைத் திறக்க உதவும் ரோஃபி லாஞ்சருக்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதினேன். முதல் அடுக்கில் திட்டங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதன் கோப்புகள். தேர்ந்தெடுத்த வரியோடு ‘இன்ஃபோ’ என்ற பெயரில் இணைத்த, திரையில் தெரியாத குறிப்பைச் சூழல் மாறியில் (ஸ்கிரிப்ட் படிக்கக்கூடிய ஒரு மதிப்பில்) வைத்து, ரோஃபி அதே ஸ்கிரிப்டை மறுபடி அழைக்கும். எனக்கோ எதைத் தொட்டாலும் முதல் பட்டியலே திரும்பி வந்தது.

மூன்று நாள் போனது. கோப்புப் பாதைகளில் உள்ள இடைவெளிதான் காரணம் என்று மேற்கோள் குறிகளைத் திருத்தினேன். ரோஃபியை மறுபடி நிறுவினேன். பயனில்லை.

பெயர்களின் வாலில் ‘இன்ஃபோ’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்துருக் கோளாறு என்று அதை ஒதுக்கியது என் மடத்தனம். பெயரையும் குறிப்பையும் பிரிப்பது ஒரு சுழிய பைட் (மதிப்பு 0 கொண்ட பைட்). நானோ பட்டியல் முழுவதையும் ஒரு மாறியில் பிடித்து, பிறகு அச்சிட்டேன். பாஷ் மாறியில் சுழிய பைட் தங்காது; அது போனதும் குறிப்பு பெயரோடு ஒட்டிவிட்டது. பாஷ் 4.4 முதல் இதற்கு எச்சரிக்கை வரும். விசைச் சுருக்கில் திறப்பவன் கண்ணில் அது எங்கே படும்? டெர்மினலில் ஓட்டியபோதுதான் பார்த்தேன். மாறியை நீக்கி, ஒவ்வொரு வரியையும் பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளை மூலம் நேராக வெளியிட்டேன். அடுக்கு திறந்தது.

‘இன்ஃபோ’வில் வைப்பது தேடலில் அகப்படாது. உள்கோப்பின் பெயரைத் தட்டினாலே திட்டம் மேலே வர, அப்பெயரை, திரையில் தெரியாமல் தேடலுக்கு மட்டும் உதவும் ‘மெட்டா’வில் சேர்த்தேன்.