பைலட் படிப்புக்கு எவ்வளவு ஆகும்? பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

தம்பி இப்போது பறக்கும் மணி நேரத்தில் பாதியைத் தாண்டிவிட்டான். சேர்ப்பதற்கு முன்னால் கணக்குப் பார்த்ததும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் நானும் அப்பாவும்தான். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து பலரும் "அக்கா, மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள், அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன். பிளஸ் டூவில் பிசிக்ஸ், மேத்ஸ் வேண்டும், சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலில் மெடிக்கல். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பு) பட்டியலில் இருக்கும் டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் சான்று, அது கிடைத்ததும் அதைவிடக் கடுமையான கிளாஸ் 1. பறக்கக் கற்றுத் தரும் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன்னால் இரண்டையும் முடித்துவிடுங்கள். கிளாஸ் 1 இல்லாமல் சிபிஎல் கிடையாது, கண்ணிலோ காதிலோ ஏதாவது சிக்கல் இருந்தால் அது லட்சங்களைக் கட்டிய பிறகு தெரியக் கூடாது.

அடுத்தது பெயர். எங்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது இதுதான். டிஜிசிஏ பரீட்சை எழுத கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண் வேண்டும், அதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் மற்ற ஆவணங்களில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல் இருக்கிறதே! எஸ்எஸ்எல்சியில் 'சரவணன் எம்', ஆதாரில் 'எம் சரவணன்', பாஸ்போர்ட்டில் 'சரவணன் முருகேசன்' என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். நாங்கள் முதலில் ஆதாரை எஸ்எஸ்எல்சிப்படி மாற்றினோம். அப்புறம் அக்‌ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பித்து, இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் ஸேம்' சர்டிஃபிகேட்டை வில்லேஜ் ஆபீஸில் வாங்கி மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கொடுத்தோம். பையன் பிளஸ் ஒன் படிக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலை போர்டு சரிபார்த்துத் தர வேண்டியிருந்தால் அதற்கும் தனியாக நாள் ஓடும்.

இப்போது பணம். இந்தியாவிலேயே படித்தால் ஏறக்குறைய 45 முதல் 60 லட்சம் வரை சொல்கிறார்கள். அமேதியில் மத்திய அரசின் இந்திரா காந்தி அகாடமி இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி அகாடமி. வெளிநாடு என்றால் மழைக்காலத் தடங்கல் குறைவு, சீக்கிரம் முடியும், ஆனால் டாலர் ஏறினால் பட்ஜெட்டும் ஏறும். அமெரிக்காவில் சாதாரண வழியில் 250 மணி நேரம் கேட்பார்கள், நம் சிபிஎல்லுக்கு 200. திரும்பி வந்ததும் லைசென்ஸை மாற்ற இங்கே பரீட்சையும் உண்டு, பறந்து காட்டவும் வேண்டும். இண்டிகோ, ஏர் இந்தியா மாதிரி நிறுவனங்கள் தாங்களே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டம் கோடியை ஒட்டிப் போகும், ஆனால் டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) அதற்குள்ளேயே வரும். மற்றவர்கள் ஏர்பஸ் 320க்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம் எடுத்து வைக்க வேண்டும். பள்ளிக்காரர்கள் சொல்லும் தொகையில் பெரும்பாலும் இது இருக்காது.

அந்தத் தொகையை வைத்து மட்டும் பள்ளிகளை ஒப்பிடாதீர்கள், படிப்பு முடிய எத்தனை மாதம் ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் கணக்குப் போட்ட ஷீட்டில் செலவுத் தலைப்புகளுக்குப் பதிலாக மாதங்களை வரிசையாகப் போட்டேன், கடைசி வரை எனக்கு உதவியது அதுதான். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்றால் மாதம் 33,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டுமே. பள்ளியில் விமானம் ரிப்பேரில் நின்றாலும், ஜூன் மழையில் பறக்க முடியாமல் போனாலும் ஹாஸ்டல் வாடகையும் இந்த வட்டியும் நிற்காது. இன்னொன்று, லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் கேப்டனாக, அதாவது விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று, 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 200 மணி நேரம் முடித்துவிட்டுப் பேப்பர் பாஸாகாமல் உட்கார்ந்திருந்தால் அந்த 15 மணி நேரத்தைத் திரும்பப் பறக்க வேண்டும், மணிக்கு 15,000 என்று வைத்தாலும் இரண்டேகால் லட்சம்.

ஆகவே நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பறக்கப் போவதே நல்லது என்பேன். பாஸ் மார்க் 70. பறந்துகொண்டே படிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெயிலில் ஏப்ரனில் (விமானங்கள் நிறுத்தும் தளம்) நின்றுவிட்டு வரும் பையனுக்கு ராத்திரி நேவிகேஷன் கணக்கு ஓடாது.

பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எத்தனை பறக்கிறது, எத்தனை மாணவர்கள், எத்தனை இன்ஸ்ட்ரக்டர்கள் என்று கேளுங்கள். கேன்டீனில் சீனியர் பையன்களிடம் போன மாதம் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று விசாரியுங்கள், பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். மல்டி என்ஜின் (ஒன்றுக்கு மேற்பட்ட என்ஜின் உள்ள விமானம்) பயிற்சியும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதி) கட்டணத்தில் சேர்ந்ததா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் முழுத் தொகையையும் முதலிலேயே கேட்டார்கள், அப்பா எழுந்து வந்துவிட்டார். தவணையில் கட்டுவதுதான் பாதுகாப்பு. டிஜிசிஏ 2025 அக்டோபரில் பள்ளிகளுக்கு முதல்முறையாகத் தரவரிசை வெளியிட்டது, அதில் ஏ பிளஸும் ஏவும் எந்தப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

லைசென்ஸ் வாங்கிய மறுநாளே வேலை என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். 2023இல் மட்டும் 1,622 சிபிஎல் கொடுத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் அதே நாற்காலிகளுக்குத்தான் காத்திருக்கிறார்கள். வேலை கிடைக்காத ஒரு வருஷத்துக்கான வட்டியையும் ஷீட்டில் போடுங்கள். போட்ட பிறகும் வீடு தாங்கும் என்றால் தைரியமாகச் சேருங்கள்.

பின்சேர்க்கை: காமர்ஸ் படித்தவர்கள் கேட்டிருந்தார்கள், என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) மூலம் பிசிக்ஸ், மேத்ஸ் மட்டும் எழுதிப் பாஸாகலாம். குப்பத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியது இன்னும் முக்கியம்: ஆந்திரச் சான்றிதழில் வீட்டுப் பெயர் முன்னால் வருகிறது, பாஸ்போர்ட்டில் அது சர்நேம் கட்டத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.