பாட்டில் மழை வந்தால் விரலிலும் மழையா? பாப் பாடலுக்கு பாலே அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சமூகக் கூடம். ஆண்டு இறுதி நிகழ்ச்சிக்கு ஒத்திகை. என்னிடம் பரதம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சனிக்கிழமை காலையில் பாலேவும் கற்கிறார்கள். அவர்களுடைய பாலே டீச்சரும் நானும் சேர்ந்து ஓர் ஆங்கிலப் பாட்டுக்கு நடனம் அமைத்திருந்தோம். பாட்டில் மழை என்று வந்ததும் பன்னிரண்டு பேரும் விரல்களை மேலிருந்து கீழே நெளித்தார்கள். இதயம் என்று வந்ததும் பன்னிரண்டு கைகளும் நெஞ்சுக்குப் போயின. பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த ஓர் ஆயா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பாட்டுதான் காதுல விழுதே, அப்புறம் எதுக்குக் கையாலயும் சொல்றீங்க?" என்றார். கைகளை அமைத்தவள் நான்தான். பாலே டீச்சர் நல்லவர், வாயைத் திறக்கவில்லை.

தவறுகளில் பெரியது இதுதான். பரதத்திலிருந்து வருகிறவர்களிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சொல்லுக்கு முத்திரை பிடித்துப் பழகிய கை சும்மா இருக்காதே. ஆனால் நம் பதங்களிலேயே நல்ல அபிநயம் சொல்லோடு நிற்பதில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது, ஆடுகிறவர் சஞ்சாரியில், அதாவது கற்பனையால் விரித்துக் காட்டுகிற பகுதியில், அந்த வரியில் இல்லாத எதையெல்லாமோ கொண்டுவந்து சேர்ப்பார். பாப் பாட்டு என்றதும் அதை எப்படியோ மறந்துவிடுகிறோம்.

பால் டெய்லர் 1991இல் அமைத்த 'கம்பெனி பி' இதற்கு நல்ல மருந்து. ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் பாடிய, இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் துள்ளல் பாட்டுகள். முன்னால் இளசுகள் குதித்து ஆடுகிறார்கள். பின்னால் அரையிருட்டில் சில ஆண்கள் நிழலாக நகர்கிறார்கள். நடந்தபடியே ஒவ்வொருவராக விழுகிறார்கள். பாட்டு கடைசிவரை சிரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்தச் சிரிப்பைத் தொடாமல் பக்கத்தில் மரணத்தை வைத்துவிட்டார். அவ்வளவுதான், நமக்கு வயிறு கலங்கிவிடுகிறது.

அதே ஆண்டில் கிறிஸ்டோபர் புரூஸ் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்கள் எட்டுக்கு 'ரூஸ்டர்' அமைத்தார். பாட்டில் சேவல் வருகிறது, மேடையிலும் ஆண்கள் சேவல்போலக் கழுத்தை நீட்டி நடக்கிறார்கள், டையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறார்கள். அப்படியானால் இதுவும் சொல்லுக்குக் கை காட்டுவதுதானே என்று கேட்கலாம். அவர் பிடித்தது அந்த ஒரே ஒரு படிமத்தை. ஆண்பிள்ளைத் திமிரை அதற்குள் அடைத்து, சேவலே இல்லாத மற்றப் பாட்டுகளுக்குள்ளும் நடக்க விட்டார். வரிக்கு ஒன்றாகப் பிடித்திருந்தால் பள்ளி ஆண்டுவிழா ஆகியிருக்கும்.

அடுத்தது, பாப் பாட்டுதானே என்று பாலேவைக் கழற்றிவிடுவது. பாதி நடனத்துக்கு இடுப்பை ஆட்டிவிட்டு நடுவில் ஒரு பிரூவெட் (ஒற்றைக்கால் சுழற்சி) சுற்றினால் அது பாலே ஆகாது. வில்லியம் ஃபோர்சைத் 2016இல் பாரிஸ் ஓபரா பாலேவுக்கு ஜேம்ஸ் பிளேக்கின் ஏழு பாட்டுகளை வைத்து 'பிளேக் வொர்க்ஸ் 1' செய்தபோது, அந்தப் பள்ளியின் பழைய காலடிகளையும் தோள்திருப்பத்தையும் அப்படியே முன்னே கொண்டுவந்தார். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ட்வைலா தார்ப். 1973இல் ஜோஃப்ரி பாலேவுக்காக பீச் பாய்ஸ் பாடல்களில் அவர் அமைத்த 'டியூஸ் கூப்' படைப்பில், கூட்டமெல்லாம் பார்ட்டியில் ஆடுவதுபோல ஆட, வெள்ளை உடையில் ஒரே ஒரு பெண் மட்டும் பாலே அடவுகளை அகராதிபோல அகர வரிசையில் செய்துகொண்டே போகிறாள். பின்னால் தெருச்சுவரில் எழுதும் பையன்கள் பெரிய தாளில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு உலகங்களும் கலக்கவேயில்லை. அடுத்தடுத்து நிற்கின்றன, வேடிக்கையே அதுதான்.

வரலாற்றிலும் சறுக்குகிறோம். இது நேற்று வந்த மோகம் என்பார்கள். ராபர்ட் ஜோஃப்ரி ராக் இசைக்கு 'அஸ்டார்ட்டே' செய்தது 1967இல். ரோலான் பெத்தீ 1972இல் மார்செயில் பிங்க் ஃபுளாய்டை வைத்து ஒரு பாலே செய்தார். சான்சிபாரில் பிறந்து பஞ்சகனியில் படித்த நம் ஃபிரெடி மெர்க்குரியே 1979இல் லண்டனில் ராயல் பாலே கலைஞர்களோடு மேடையேறி ஆடியிருக்கிறார். ("நம்" என்று எழுதியதற்குப் பார்சிகள் மன்னிக்கவும். ஆப்பிரிக்கக் கரையில் பிறந்த இந்தியப் பிள்ளை என்றால் டர்பன்காரர்கள் விடமாட்டோம்.)

இந்த ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. பாலேவைப் புரட்டிப்போட்டவர் என்றால் பாப் பாட்டுத்தான் போட்டிருப்பார் என்று நினைத்து, தென்னாப்பிரிக்க நடனக்காரர் டாடா மசீலோவையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். 2010இல் அவர் அமைத்த 'ஸ்வான் லேக்'கில் ஆண்களும் டுட்டு என்கிற பாலே பாவாடை கட்டி வெறுங்காலில் ஆடினார்கள். சைக்கோவ்ஸ்கி மட்டும் அங்கேயேதான் இருந்தார். 2017இல் வந்த 'ஜிசெல்'லுக்கு ஃபிலிப் மில்லர் புதிதாக இசையமைத்தார். 2024 டிசம்பரில் 39 வயதில் மசீலோ போய்ச் சேர்ந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளை வாசித்த பலர் இன்னும் அவர் நடனத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, ஒத்திகைக் கூடத்துக்கு வருவோம். போன் ஸ்பீக்கரில் பழகாதீர்கள். அதில் பேஸ் ஒலி கேட்காது, பிள்ளைகள் பாடகரின் குரலைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள். நிகழ்ச்சியன்று பெரிய ஸ்பீக்கரில் பேஸ் வந்து குரலை விழுங்கியதும் எண்ணிக்கை போய்விடும். நட்டுவனார் இருந்தால் ஆடுகிறவளின் மூச்சைப் பார்த்து ஒரு நொடி இழுத்துப் பிடிப்பார், வகுப்பில் பியானோக்காரரும் அப்படித்தான். பதிவுப் பாட்டு யாருக்காகவும் நிற்காது. ஒற்றைக்கால் சமநிலையைப் பல்லவி தொடங்கும் இடத்தில் வைத்தால் ஒருத்தியாவது தடுமாறுவாள்.

ஆறு பாட்டுகளை முப்பது முப்பது நொடி வெட்டி ஒட்டுவதும் வேண்டாம். ஒரு பாட்டின் மனநிலைக்குள் போவதற்கே ஒரு சரணம் ஆகும்.

கொம் இசைக்கு அமைக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. (அதன் முதல் எழுத்து ஜூலு சொடுக்கு ஒலி. என் நாக்குக்கு இன்னும் வரவில்லை, பிள்ளைகள் சிரிப்பார்கள்.) டர்பனில் பிறந்த அந்த இசை நான்கு நான்காக நேராக அடிப்பதில்லை. அடி இடம் மாறி விழும். பாலே வகுப்பில் பழகிய ஒன்று முதல் எட்டு எண்ணிக்கை அதில் நொண்டும். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் என் மாணவி ஒருத்தியின் அண்ணன் வீட்டிலேயே செய்த தாளம் ஒன்றுக்கு நாங்கள் அப்படித்தான் இரண்டு வாரம் நொண்டினோம். பிறகு எண்களை விட்டுவிட்டு, "தகிட தகிட தக" என்று வாயால் சொல்லிக்கொண்டே தாந்து, ஜெத்தே என்கிற பாலே காலடிகளைப் போடச் சொன்னேன். எட்டு அப்படியே எட்டாகத்தான் இருந்தது, மூன்று மூன்று இரண்டாகப் பிரிந்ததும் கால் தானாக உட்கார்ந்தது.

கடைசியாக உரிமை. கூடத்தில் பாட்டைப் போடுவதற்கு சாம்ரோ (தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பு) உரிமம் இருக்கிறதா என்று கூடக்காரர்களிடம் முதலிலேயே கேளுங்கள். பாட்டை வைத்து ஒரு கதையை மேடையேற்றுவது வேறு உரிமை, வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவது இன்னொன்று. ஒன்றுக்கு வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆயிற்று என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டால் பதிலே வராது, ஆறு மாதமாவது வேண்டும். நாங்கள் இந்த முறை அந்த ஆங்கிலப் பாட்டைக் கைவிட்டோம். பீனிக்ஸ் பையன் ஒத்திகைக்கு நேரில் வந்து, தன் தாளத்துக்கு அனுமதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கூலியாக அவன் கேட்டது நிகழ்ச்சி அறிவிப்பில் தன் பெயர், அப்புறம் அம்மாவுக்கு முன்வரிசையில் ஓர் இருக்கை.