கேரம் கணக்கை வைத்துத் தொடரியல் மர உருமாற்றம் கற்போம்

ஒரு நிரலின் பகுதிகளைத் தாய், சேய் என்று கிளைகளாக அடுக்கிக் காட்டுவது தொடரியல் மரம். அதில் ஒவ்வொரு பகுதியும் ஒரு கணு. இந்த மரத்தை உருமாற்றக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் கடினமான முனையில்தான் தொடங்குகிறார்கள். புதிய கணினி மொழிகளை உருவாக்கும் மென்பொருளை நிறுவியதும் நேராக ஜாவா நிரல் உண்டாக்கும் பகுதிக்குப் போகிறார்கள். அங்கே ஆறேழு புதிய கலைச்சொற்கள் ஒன்றாக வந்து மோதுகின்றன. இரண்டாவது வாரத்தில் ஆர்வம் போய்விடுகிறது. நான் சொல்லும் வழி வேறு. முதலில் ஒரே மரத்தில் ஒரே ஒரு கணுவைக் கண்முன்னே மாற்றிப் பாருங்கள். அது பழகிய பிறகு நிரல் உண்டாக்கும் வேலைக்குப் போகலாம்.

இங்கே நாம் பயன்படுத்தப் போவது ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் எம்.பி.எஸ் என்ற மொழி உருவாக்கும் மென்பொருள். இது இலவசம், திறந்த மூல மென்பொருள். எடுத்துக்காட்டுக்குக் கேரம் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். வடசென்னையின் தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெரிந்த விதி வேறு இல்லை. 2008இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராணியின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு போர்டை, அதாவது ஒரு சுற்றை, வென்றவருக்கு, பலகையில் மீதமிருக்கும் எதிராளியின் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ராணியையும் அவரே எடுத்திருந்தால் கூடுதலாக 3 புள்ளி. ஆனால் அவர் ஏற்கெனவே 22 புள்ளியை எட்டியிருந்தால் ராணிக்குப் புள்ளி கிடையாது. 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முன்னால் வருகிறதோ அதோடு ஆட்டம் முடியும்.

படி 1: மொழியை வரையுங்கள்

எம்.பி.எஸ்ஸில் புதிய மொழித் திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். தொடங்கும்போதே சாண்ட்பாக்ஸ் வேண்டும் என்று குறியிடுங்கள். நம் மொழியில் எழுதிப் பார்க்கும் இடம் அதுதான். மொழிக்குள் ஸ்ட்ரக்சர் என்ற பகுதியில் ஒவ்வொரு கணு வகைக்கும் ஒரு கான்செப்ட் உருவாக்க வேண்டும். நமக்குத் தேவையானவை இவ்வளவுதான்: மரத்தின் உச்சியில் நிற்கும் புள்ளி விதி; எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான கோவை (எக்ஸ்பிரஷன்); அதன் கீழ் எண், காய், ராணி, கூட்டல், பெருக்கல், நிபந்தனை. காய் என்பது எதிராளியிடம் மீதமுள்ள காய்களின் எண்ணிக்கை. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இடம், வலம் என இரண்டு சேய்க் கணுக்கள், இரண்டும் கோவைகளே. பெயர்களை உங்கள் விளக்கத்துக்காக இங்கே தமிழில் தருகிறேன். திட்டத்துக்குள் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றிலிருந்து பின்னால் ஜாவா வகுப்புகள் உருவாகும்.

எடிட்டர் பகுதியில் ஒவ்வொரு கான்செப்டும் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். கூட்டலுக்கு இடம், பிறகு கூட்டல் குறி, பிறகு வலம். இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். அழகுபடுத்துவது பிறகு.

படி 2: மரத்தைப் பாருங்கள்

சாண்ட்பாக்ஸில் ஒரு புள்ளி விதியை எழுதுவோம். பயிற்சி ஆட்டங்களில் ராணிக்குப் புள்ளி வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் இப்படி எழுதலாம்:

காய் + 0 × ராணி

இதன் மரம்:

கூட்டல்
— இடம்: காய்
— வலம்: பெருக்கல்
—— இடம்: எண் 0
—— வலம்: ராணி

எம்.பி.எஸ் நீங்கள் தட்டும் எழுத்தைப் படித்து மரம் கட்டுவதில்லை. நீங்கள் நேரடியாக மரத்தையே கட்டுகிறீர்கள். திரையில் தெரிவது அதன் தோற்றம் மட்டும். சேமிக்கப்படுவதும் மரம்தான். ஆகவே கூட்டலுக்கு முன் பெருக்கல் என்ற முன்னுரிமை புதிதாகக் கட்டிய மொழியில் தானாக வந்துவிடாது. இப்போதைக்கு மேலிருந்து கீழாக நிரப்புங்கள். வெற்றுக் கட்டத்தில் கன்ட்ரோல், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி முதலில் கூட்டலைத் தேர்ந்தெடுங்கள். அதன் வலக் கட்டத்தில் பெருக்கலைத் தேர்ந்தெடுங்கள். மரம் நீங்கள் நினைத்த வடிவத்தில் நிற்கும்.

மேலே உள்ள கோவையைச் சுருக்கினால் காய் மட்டும் மிஞ்ச வேண்டும். "அண்ணா, கூட்டல் பூஜ்யம் என்று வருகிற இடத்தையெல்லாம் தேடி அழித்தால் போதாதா? அதற்கு எதற்கு மரம்?" என்று சென்ற மாதம் காசிமேட்டுத் தம்பி ஒருவர் கேட்டார். மிக நல்ல கேள்வி. அவரையே கரும்பலகைக்கு வரச் சொன்னேன். "காய் + 0 × ராணி" என்பதில் "+ 0" என்ற எழுத்துகளை அவர் துணியால் அழித்தார். பலகையில் "காய் × ராணி" நின்றது. எதிராளியிடம் 5 காய் மீதி, ராணியின் மதிப்பு 3 என்றால் சரியான விடை 5. அழித்த பிறகு வந்த விடை 15. ஒரு பக்கத்தில் 9 காய்தான் என்பதால் ஒரு போர்டில் 12 புள்ளிக்கு மேல் யாராலும் எடுக்கவே முடியாது. தம்பி பலகையைப் பார்த்தபடியே, "அந்தப் பூஜ்யம் கூட்டலுடையது இல்லை, பெருக்கலுடையது" என்றார். எழுத்தில் பக்கத்தில் இருப்பது மரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. உருமாற்ற விதியை மரத்தின் மேல் எழுதுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

படி 3: முதல் உருமாற்றம்

ஒவ்வொரு உருமாற்றத்துக்கும் இரண்டு பாதிகள் உண்டு. எந்த வடிவத்தைத் தேடுகிறோம் என்பது ஒன்று, அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்பது மற்றொன்று. கணினியைத் தொடுவதற்கு முன் தாளில் எழுதுங்கள்:

கூட்டல் (எது, எண் 0) → எது
பெருக்கல் (எண் 0, எது) → எண் 0
பெருக்கல் (எண் 1, எது) → எது

"எது" என்ற இடத்தில் எவ்வளவு பெரிய கிளை வேண்டுமானாலும் இருக்கலாம். அதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே தூக்கி வைக்கிறோம். இடமும் வலமும் மாறி வரும் வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயனர் கேட்கும்போது மரத்தை மாற்றித் தரும் சிறு கட்டளைக்கு இன்டென்ஷன் என்று பெயர். இனி இன்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய்ப் பெருக்கலுக்கு ஒரு புதிய இன்டென்ஷன் உருவாக்குங்கள். அதில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, பயனருக்குத் தெரியும் விளக்கம். இரண்டாவது, இது பொருந்துமா என்ற கேள்வி. இங்கே நம் வடிவத்தின் முதல் பாதியை எழுதுங்கள்: இடச் சேய் எண் வகையைச் சேர்ந்ததா, அதன் மதிப்பு 0 தானா? வகையை முதலில் கேட்டுவிட்டு மதிப்பைக் கேளுங்கள். மூன்றாவது, செய்ய வேண்டிய செயல். ரீப்ளேஸ் வித் என்ற கட்டளையால் பெருக்கல் கணுவை நீக்கி அந்த இடத்தில் புதிய எண் கணுவை வையுங்கள்.

மொழியைத் திரும்பக் கட்டுங்கள். கன்ட்ரோலும் எஃப்9உம் அதற்கான விசைகள். சாண்ட்பாக்ஸுக்கு வந்து பெருக்கலின் மேல் நின்று ஆல்ட், என்டர் அழுத்தினால் நீங்கள் எழுதிய விளக்கம் பட்டியலில் வரும். தேர்ந்தெடுத்தால் "காய் + 0" ஆகும். கன்ட்ரோல், இசட் அழுத்தினால் பழைய மரம் திரும்ப வரும். இதைச் சில முறை முன்னும் பின்னும் செய்து பாருங்கள். ஒரு கிளை போய் ஒரு கணு வந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் விஷயம் மனத்தில் படிகிறது.

ஒரு கணுவுக்கு ஒரே ஒரு தாய்தான் இருக்க முடியும். ஒரு கிளையை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தால் அது பழைய இடத்தை விட்டுப் போய்விடும். இரண்டு இடத்திலும் வேண்டுமென்றால் காப்பி கட்டளையால் நகல் எடுத்துத்தான் வைக்க வேண்டும். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

படி 4: முழு மரத்தையும் சுற்றுங்கள்

இனி புள்ளி விதிக்கே ஓர் இன்டென்ஷன் எழுதுவோம். அது மரம் முழுவதிலும் எல்லாச் சுருக்க விதிகளையும் பயன்படுத்த வேண்டும். டிசென்டன்ட்ஸ் என்ற செயல், ஒரு கணுவின் கீழ் உள்ள எல்லாவற்றையும் தாய் முன்னால், சேய் பின்னால் என்ற வரிசையில் தருகிறது. அதே வரிசையில் போனால் என்ன ஆகும்?

முதலில் கூட்டலிடம் வருகிறோம். அதன் வலச் சேய் பெருக்கல். எண் 0 அல்ல. எந்த விதியும் பொருந்தவில்லை, நகர்கிறோம். அடுத்து பெருக்கல், விதி பொருந்துகிறது, அது 0 ஆகிறது. இப்போது கூட்டலின் வலத்தில் 0 நிற்கிறது. ஆனால் கூட்டலை நாம் ஏற்கெனவே தாண்டிவிட்டோம். விடை "காய் + 0" என்று பாதியில் நிற்கும்.

கீழிருந்து மேலே வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. பெருக்கல் முதலில் 0 ஆகிறது, பிறகு கூட்டலிடம் வரும்போது விதி பொருந்துகிறது, காய் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே டிசென்டன்ட்ஸ் தரும் கணுக்களை முதலில் ஒரு பட்டியலாக எடுத்துவையுங்கள். பிறகு அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள். பட்டியலாக எடுக்காமல், மரத்தைச் சுற்றிக்கொண்டே அதே மரத்தை மாற்றாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் பாதையே அறுந்துபோகும்.

சுருக்க விதிகளுக்குக் கீழிருந்து மேல் பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு விதி புதிய கிளையை உண்டாக்கினால், அந்தக் கிளையில் வேறு விதி பொருந்தலாம். அப்போது மாற்றம் எதுவும் நிகழாத சுற்று வரும்வரை திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொரு விதியும் மரத்தைச் சிறிதாக்குகிறதா என்று கேளுங்கள். "கூட்டல் (அ, ஆ) → கூட்டல் (ஆ, அ)" என்ற விதி கணக்குப்படி முற்றிலும் சரி. ஆனால் அதைச் சேர்த்தால் சுற்று முடியவே முடியாது.

படி 5: ராணியை விரித்தெழுதுங்கள்

இதுவரை சுருக்கினோம். இனி ஒரு கணுவை அதைவிட அடிப்படையான கணுக்களாக விரிப்போம். ஜாவாவுக்கு ராணி என்றால் தெரியாது. ஆகவே:

ராணி → நிபந்தனை (போர்டை வென்றவரே ராணியை எடுத்தார், மேலும் அவருடைய முன் புள்ளி < 22 எனில் 3, இல்லையெனில் 0)

முன் புள்ளி என்பது இந்தப் போர்டுக்கு முன்பே அவர் சேர்த்திருந்த புள்ளி. இந்த விதியை, நிரல் உண்டாக்கும் பகுதியான ஜெனரேட்டரில் ரிடக்‌ஷன் ரூலாக, அதாவது ஒரு கணுவுக்குப் பதில் வேறு கணுக்களை வைக்கும் விதியாக, எழுத வேண்டும். இன்டென்ஷன் உங்கள் மரத்தையே மாற்றியது. ஜெனரேட்டர் அதைத் தொடுவதில்லை. நகலின் மேல் வேலை செய்கிறது. மூல விதியில் ராணி ராணியாகவே இருக்கும். விதியின் இடப்பக்கம் ராணி கான்செப்ட், வலப்பக்கம் ஒரு டெம்ப்ளேட், அதாவது அதன் இடத்தில் வர வேண்டியதன் மாதிரி. டெம்ப்ளேட்டுக்குள் நிபந்தனையை நேரடியாக எழுதி, எந்தப் பகுதி வெளியே போக வேண்டுமோ அதை மட்டும் ஃபிராக்மென்ட் என்று குறியுங்கள். சேய்க் கணுக்கள் உள்ள கூட்டல் போன்றவற்றை ஜாவாவாக மாற்றும்போது, ஒவ்வொரு சேயின் இடத்திலும் காப்பி சோர்ஸ் என்ற மேக்ரோவை வைக்க வேண்டும். அந்தச் சேய்க்கு உரிய விதி அங்கே தானாக ஓடும். உச்சியில் உள்ள புள்ளி விதி ஒரு ஜாவா வகுப்பாக மாற, ரூட் மேப்பிங் ரூல் ஒன்று எழுதுங்கள்.

பிரிவியூ ஜெனரேட்டட் டெக்ஸ்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் உருவான ஜாவா நிரல் தெரியும். "காய் + ராணி" என்ற உண்மையான விதியை வைத்துச் சோதியுங்கள். காய் 5, ராணி எடுத்தாயிற்று, முன் புள்ளி 21 என்றால் 8 வர வேண்டும். முன் புள்ளி 22 என்றால் 5 வர வேண்டும். 14, 15 என்று நடுவில் உள்ள எண்களை மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். குறியைத் தவறிப் போட்டிருந்தால் அது 22இல்தான் தெரியும்.

படி 6: வரிசை

ராணிக்கு 3க்குப் பதில் 0 என்று வைத்த பயிற்சி மொழி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்த பிறகு "எனில் 0, இல்லையெனில் 0" என்று வருகிறது. இரண்டு கிளையும் ஒன்றே என்றால் நிபந்தனையை நீக்கலாம் என்ற விதியைச் சுருக்க விதிகளோடு சேர்க்கலாம். ஆனால் சுருக்கம் முதலிலும் விரிப்பு பின்னாலும் ஓடினால் அந்த விதிக்கு வேலையே வராது. விரிப்பு முதலில், சுருக்கம் அடுத்து, ஜாவா கடைசியில்.

விதிகளின் தொகுப்புக்கு எம்.பி.எஸ்ஸில் மேப்பிங் கான்ஃபிகரேஷன் என்று பெயர். ஒரே மேப்பிங் கான்ஃபிகரேஷனில் எல்லா விதிகளையும் போட்டால், பொருந்தும் விதி தீரும்வரை எம்.பி.எஸ் ஒரே மூச்சில் அனைத்தையும் ஓட்டிவிடும். இடையில் சுருக்க இடமிருக்காது. இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதில் ராணி விதி மட்டும். இரண்டாவதில் ஜாவா விதிகளும், அவற்றுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்டாகப் படி 4இல் எழுதிய சுருக்கமும். ஜெனரேட்டரின் பண்புகளில் முன்னுரிமைப் பகுதிக்குப் போய், முதலாவது இரண்டாவதற்கு முன் என்று குறியுங்கள். சேவ் டிரான்சியன்ட் மாடல்ஸ் என்பதை இயக்கிவிட்டு மறுபடி கட்டினால், இடைக்கட்ட மரங்கள் ஒவ்வொன்றும் திறந்து பார்க்கும்படி சேமிக்கப்படும். விரித்த மரத்தைத் திறந்து "எனில் 0, இல்லையெனில் 0" இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்த கட்டத்து மரத்தில் அது இருக்கக் கூடாது.