தைராய்டு ரத்தப் பரிசோதனை: கை நீட்டும் முன் நடக்கும் தவறுகள்

முடி கொட்டுகிறது, உடம்பு ஊதுகிறது, மலச்சிக்கல், எந்நேரமும் அசதி. சேலத்தில் இதைச் சொன்னால் பக்கத்து வீட்டு அக்காவே "தைராய்டு பாத்துடு கண்ணு" என்று சொல்லிவிடுவார். ஐந்து ரோடு பக்கம் லேப்புக்கும் பஞ்சமில்லை. எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதில்தான் கோளாறே.

'தைராய்டு டெஸ்ட்' என்று மொட்டையாகக் கேட்டால் பல இடங்களில் டி3, டி4, டிஎஸ்எச் மூன்றும் எடுத்துத் தருவார்கள். டி3, டி4 இரண்டும் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி விடும் ஹார்மோன்கள். டிஎஸ்எச், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்புவது; தைராய்டு சுரப்பு குறைந்தால் பொதுவாக இது ஏறும். ரிப்போர்ட்டில் வரும் டி3, டி4 பெரும்பாலும் மொத்த அளவு. ரத்தப் புரதத்தோடு ஒட்டிக் கிடப்பதையும் சேர்த்த கணக்கு. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் ஏறும். டி4-ம் கூடவே ஏறிக் காட்டும். அதனால் புரதத்தோடு ஒட்டாத அளவைக் காட்டும் 'ஃப்ரீ டி4' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "டி3 நார்மல்தானே" என்று நிம்மதியாக இருப்பதும் தவறு. சுரப்பு குறையும்போது கடைசியாக இறங்குவதே அதுதான்.

டிஎஸ்எச் மட்டும் போதும் என்பார்கள். பலருக்குப் போதும்தான். ஆனால் பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போய், பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாத பெண்ணுக்குப் பிட்யூட்டரியே அடிபட்டிருக்கலாம். அப்போது டிஎஸ்எச் நார்மலாகவே நிற்கலாம், ஃப்ரீ டி4 தரைதட்டியிருக்கும். பழைய பிரசவக் கதையை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

டிஎஸ்எச் கூடியிருந்தால் ஆன்டி டிபிஓ ஒருமுறை பார்க்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறதா என்று தெரியும். அதையே மாதாமாதம் எடுப்பது வீண் செலவு.

பலரும் கோட்டைவிடுவது பயோட்டின் என்ற வைட்டமின் விஷயத்தில். முடி கொட்டுகிறதே என்று 5 மி.கி., 10 மி.கி. மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடுவார்கள். சில கருவிகளில் அது கணக்கையே கவிழ்த்துவிடும்: டிஎஸ்எச் குறைவாகவும் ஃப்ரீ டி4 கூடுதலாகவும் வரும். சுரப்பு குறைந்தவருக்கு எல்லாம் சரி என்று ரிப்போர்ட் வர இதுவே போதும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் வெறும் வயிற்றில் இறங்கி, லேப் வாசலில் தலைசுற்றி உட்காருவதும் தேவையில்லாத பாடு. தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கட்டாயமில்லை. சர்க்கரை, கொழுப்பும் பார்ப்பதென்றால் லேப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம்தான் முக்கியம். டிஎஸ்எச் இரவிலும் விடிகாலையிலும் ஏறி மதியத்துக்குள் இறங்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேப்பில். ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிவிட்டுத் தூங்காமல் நேராகப் போகவும் வேண்டாம்.

ஏற்கெனவே தைராக்ஸின் (தைராய்டு சுரப்பு குறைவுக்கான மாத்திரை) சாப்பிடுகிறவர், ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடலாம். காபி? ஏற்காட்டுக் காபியே ஆனாலும் மாத்திரைக்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கணும். டோஸ் மாற்றினால் மறு டெஸ்ட் 6 முதல் 8 வாரம் கழித்து. இரண்டே வாரத்தில் ஓடினால் எண் இன்னும் நிலைக்குவந்திருக்காது.

அசதிக்குத் தைராய்டு ஒன்றே காரணம் என்று முடிவுகட்டாமல் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் பி12 மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டிஎஸ்எச் 4.5-ஐச் சற்றுத் தாண்டி, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், பெரும்பாலும் 2, 3 மாதம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்வார்கள். காய்ச்சலில் படுத்து எழுந்த கையோடு எடுத்த ரிப்போர்ட்டுக்கும் அதுவே. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. கர்ப்பிணிக்கு நார்மல் அளவே வேறு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.