பாரதக் கூத்து பார்க்க முதல் தடவை போகிறீர்களா? இப்படித் திட்டமிடுங்கள்

திறந்தவெளியில் விடிய விடிய உட்கார்ந்து கதை கேட்க ஆசையாக இருக்கிறது, எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். வடதமிழ்நாட்டில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது போங்கள். காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும், அதாவது வயல் வேலை குறைந்திருக்கிற மாதங்களில், எங்கேயாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். மதியம் பிரசங்கியார் உட்கார்ந்து கதை சொல்வார், இரவு கூத்தாக ஆடுவார்கள், கடைசி நாள் காலையில் ஊரே களத்தில் இறங்கி அதை நடத்திக்காட்டும். இப்படி 10 நாள், 18 நாள், சில ஊர்களில் அதற்கும் மேல்.

டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அதனாலேயே திட்டமில்லாமல் கிளம்புகிறவர்கள் அதிகம். கேமராவைத் தூக்கிக்கொண்டு, கடைசி நாள் காலையில் களத்தில் நடக்கிற படுகளத்துக்கு மட்டும் வந்து, ஒரு மணி நேரத்தில் காரில் ஏறிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மதியம் கேட்டதை இரவில் பார்க்க வேண்டும், இரவில் பார்த்ததன் முடிவைக் காலையில் களத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்றையும் ஒருமுறையாவது சேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விளக்கமெல்லாம்.

1. ஊரையும் தேதியையும் கண்டுபிடியுங்கள்

இதுதான் புதியவர்களுக்குக் கஷ்டமான வேலை. எல்லா ஊர் விழாவையும் ஒரே இடத்தில் பட்டியலாகத் தேட முடியாது. நோட்டீஸ்களில் பெரும்பாலும் 'அக்னி வசந்த விழா' அல்லது 'மகாபாரத அக்னி வசந்தப் பெருவிழா' என்றுதான் அச்சடிப்பார்கள், கூத்து என்று பெரிதாகப் போட மாட்டார்கள், இரவு நிகழ்ச்சிக்கு 'கட்டைக்கூத்து நாடகம்' என்று இருக்கும். அதனால் இணையத்தில் தேடும்போது தமிழில், இந்தச் சொற்களைப் போட்டே தேடுங்கள். யூடியூபில் கூத்து முழுவதையும் பதிவு செய்து போடுகிற உள்ளூர் சேனல்கள் நிறைய இருக்கின்றன, அவற்றின் கீழே ஊர்ப் பெயரும் கூத்தாடுகிற நாடக மன்றத்தின் பெயரும் இருக்கும், பல நேரம் தொடர்பு எண்ணும் இருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் செய்யாறு, வந்தவாசி, ஆரணி பக்கம் பஸ்ஸில் போனால் சுவரொட்டிகளே போதும். இல்லையென்றால் பஸ் நிலையத்து டீக்கடையில் கேளுங்கள், "எந்த ஊர்ல பாரதம் நடக்குதுண்ணே?" என்று கேட்டால் நிச்சயம் யாருக்காவது தெரிந்திருக்கும்.

ஊர் கிடைத்ததும் நோட்டீஸின் படம் ஒன்றை எப்படியாவது வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, அன்றைய பிரசங்கத்தின் தலைப்பு, இரவு நாடகத்தின் பெயர், அந்த நாளின் உபயதாரர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 12ஆம் தேதி இரவு என்று போட்டிருக்கும் நாடகம் 13ஆம் தேதி விடிகாலையில்தான் முடியும். படுகளம் கடைசிக் கூத்து முடிகிற அதே காலையில் நடக்கும். தேதியை ஒருநாள் தள்ளிப் புரிந்துகொண்டு வந்து நிற்கிறவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியலின மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். போவதற்கு முன் ஊரைப் பற்றி விசாரியுங்கள். எல்லாத் தெருக்காரர்களும் வந்து உட்காருகிற ஊர்கள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

2. எந்த நாள் போவது?

முழு விழாவுக்கும் இருக்க முடிந்தால் அதுபோல ஒன்றில்லை. முடியாதவர்களுக்கு என் சிபாரிசு கடைசி இரண்டு நாள்: கர்ண மோட்சம் அல்லது பதினெட்டாம் போர் நடக்கும் இரவு, அதன் மதியப் பிரசங்கம், மறுநாள் காலை படுகளம், மாலை தீமிதி. படுகளத்தை ஞாயிற்றுக்கிழமையில் வரும்படி பல ஊர்களில் வைத்துக்கொள்கிறார்கள், லீவு போடும் வேலை மிச்சம்.

இரண்டாவது வாய்ப்பு கிடைத்தால் அர்ச்சுனன் தபசு. பாசுபத அஸ்திரம் வாங்க அர்ச்சுனன் கைலைக்குப் போகிற கதை. உயரமான ஒரு மரத்தை நட்டுப் படிபோலக் கட்டைகள் அடித்திருப்பார்கள், அர்ச்சுனன் வேடம் போட்டவர் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். மேலே பிடிமானம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. அங்கிருந்து அவர் எறிகிற எலுமிச்சம்பழத்துக்கும் வில்வ இலைக்கும் கீழே குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அதுவரை நாடகம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அந்த இடத்தில் அது வேறாகிவிடும்.

குழந்தைகளோடு போகிறீர்களா? பகாசுரன் வதம் நடக்கும் நாளைப் பாருங்கள். பீமன் சோற்று வண்டியில் ஊரைச் சுற்றி வருவார், பகலிலேயே நடக்கும், பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவார்கள்.

துகிலுரிதலை முதல் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த இரவு ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பாரமான இரவு. கற்பூரம் ஏற்றுவார்கள், சிலருக்குச் சாமி வரும். இந்த விழாவோடு கொஞ்சம் பழகிய பிறகு போனால் அதன் கனம் புரியும்.

3. கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

மகாபாரதம்தான் தெரியுமே என்று இருந்துவிடாதீர்கள். பிரசங்கியார்கள் பெரும்பாலும் வில்லிபுத்தூராரின் பாரதத்தை வைத்துச் சொல்கிறார்கள், 4,300 பாடல்களுக்கு மேல் உள்ள நூல். கூத்திலோ, தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்திராத கதைகளும் வரும். போருக்கு முன் தன்னையே பலிகொடுக்கும் அரவான், போருக்குக் கிளம்பும் கர்ணனோடு சண்டை போடும் அவன் மனைவி பொன்னுருவி, இவர்களெல்லாம் இங்கே மிகப் பெரிய பாத்திரங்கள். அன்றைய இரவு நாடகம் எது என்று நோட்டீஸில் பார்த்து, அந்தக் கதையை மட்டும் யாரிடமாவது கேட்டோ படித்தோ வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் அரைமணி நேரம் ஒரு கூத்தைக் கேட்டுக் காதைப் பழக்குவதும் நல்லது, ஏனென்றால் உச்ச குரலில், ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து ஒலிக்கும்போது வார்த்தைகள் முதலில் பிடிபடாது.

4. போவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர், செய்யாறும் வந்தவாசியும் 100 சொச்சம். அதுவரைக்கும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ்தான் பிரச்சினை, இரவு கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். கூத்தோ இரவு 10 மணிக்கு மேல்தான் தொடங்கும். அதனால் மதியப் பிரசங்கத்துக்கே போய்விடுங்கள், காலை முதல் பஸ்ஸில் திரும்பலாம். பைக்கில் போவதானால் விடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள், ராத்திரி முழுக்க விழித்த கண்ணோடு வண்டி ஓட்டுவது ஆபத்து. கோயில் திண்ணையிலோ மரத்தடியிலோ இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து போங்கள்.

கிராமத்தில் லாட்ஜ் இருக்காது. காஞ்சிபுரத்திலோ திருவண்ணாமலையிலோ செய்யாற்றிலோ அறை எடுக்கலாம், ஆனால் இரவு முழுக்கக் களத்தில் இருக்கப் போகிறீர்கள், அறை பகலில் குளிக்கவும் தூங்கவும்தான். முக்கியமாக, கழிப்பறை. பெண்கள் இதற்கு முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும். பிரசங்கத்துக்கு வரும் பெண்களோடு பேசிப் பழகிவிட்டால் யாராவது ஒரு அக்கா கட்டாயம் வீட்டுக்கு வந்துட்டுப் போம்மா என்று கூப்பிடுவார். இரவிலும் பெண்கள் கூட்டமாகவே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து உட்காருங்கள்.

5. பையில் என்ன வைப்பது

ஒரு பாய் அல்லது பழைய போர்வை, உட்கார. இன்னொரு போர்வை, போர்த்திக்கொள்ள. சித்திரை மாதத்தில் எதற்கு என்று தோன்றும், விடிகாலை 4 மணிக்குத் தெரியும். தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி அல்லது துண்டு, டார்ச், கொசுவுக்கு ஏதாவது, அப்புறம் சில்லறையாகப் பணம். சாப்பாடு பெரிய கவலையில்லை, பல ஊர்களில் அன்னதானம் உண்டு, டீக்கடை விடிய விடிய இருக்கும்.

6. மதியம்: பிரசங்கம்

புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பந்தலில் வயதானவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பிரசங்கியார் ஒரு பாட்டைப் பாடுவார், பொருள் சொல்வார், அங்கிருந்து உள்ளூர் சண்டைக்கும் மழைக்கும் மாமியார் மருமகள் கதைக்கும் போய்விட்டு, நேரம் பார்த்துத் திரும்பவும் பாண்டவர்களிடம் வந்து சேர்வார். மாலை 5 மணி, 6 மணி வரை போகும். அன்று இரவு மேடையில் என்ன நடக்கப் போகிறது என்பது இங்கேயே கையில் கிடைத்துவிடும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள், புரியாததைக் கேட்கலாம்.

7. இரவு: கூத்து

இடத்தை 9 மணிக்கே பிடித்துவிடுங்கள். மேடைக்கு மிக அருகே வேண்டாம், பக்கவாட்டில் வாத்தியக்காரர்களைப் பார்க்கும்படி உட்கார்ந்தால் மிருதங்கமும் தாளமும் ஆட்டத்தோடு எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது தெரியும். வேடம் போடுவதைப் பார்க்க ஆசையென்றால் அதற்கு முன்பே போய் அனுமதி கேளுங்கள். முகத்துக்கு வர்ணம் பூசி, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரத்தில் செய்த அணிகளைக் கட்டி முடிக்க மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும்.

முதலில் கட்டியக்காரன் வருவார். புதியவர்களுக்கு அவர்தான் துணை. ராஜா இலக்கணத் தமிழில் பாடுவதை நம் தமிழில் கேள்வி கேட்டுக் கேட்டு உடைத்துப்போடுவார், ஊர் நடப்பையும் நடுவில் இழுப்பார். அடுத்து, இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, ராஜா அதன் பின்னாலிருந்தே பாடுவார். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், கால் சலங்கை கேட்கும், ஆளைக் காட்ட மாட்டார்கள். இது வெகு நேரம் போகும். எப்போதுதான் கதை தொடங்கும் என்று பொறுமை இழக்காதீர்கள், திரை விலகி அவர் சுழன்று வெளியே வருகிற அந்த வேகத்துக்கு இவ்வளவு நேரக் காத்திருப்பும் வேண்டியிருக்கிறது.

பெண் வேடங்களை வழக்கமாக ஆண்களே ஆடுவார்கள். இது மெல்ல மாறி வருகிறது, காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் படித்து மேடையேறினார்கள். நடுநடுவே ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் 500 ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் அறிவிப்பார்கள், அதுவும் கூத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த நடிகருக்கு நீங்களும் கொடுக்கலாம், கொடுங்கள். இந்தக் கலைஞர்கள் பருவத்தில் சம்பாதிப்பதை வைத்து மீதி மாதங்களையும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

நள்ளிரவு 1 மணியிலிருந்து 3 மணி வரை தூக்கம் சொக்கும். தூங்கிவிடுங்கள், ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பொன்னுருவி வந்தால் எழுப்புங்கள் என்று சொல்லி வைத்தால் எழுப்பிவிடுவார். ஆனால் 4 மணிக்கு மேல் கண்டிப்பாக விழித்திருங்கள், சண்டையும் சாவும் புலம்பலும் விடியலை ஒட்டித்தான் வரும்.

8. காலை: படுகளம், மாலை: தீமிதி

களத்தில் மண்ணால் ஒரு பெரிய துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான், 30, 40 அடி நீளம் இருக்கும், வர்ணமெல்லாம் தீட்டியிருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் துரியோதனனின் தொடையை உடைத்து, ரத்தமாக நினைக்கிற அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், மண் உருவத்தின் மேல் கால் படக் கூடாது, ஓடுகிறவர்களின் பாதையில் நிற்காதீர்கள். மரத்தடியாகப் பார்த்து நின்றால் வெயிலையும் சமாளிக்கலாம்.

படம் எடுப்பது பற்றி: பெரும்பாலான ஊர்களில் தடை இல்லை. ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். சாமி வந்து ஆடுகிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள், அவர்கள் யாருக்கோ அம்மா, யாருக்கோ அக்கா. தீமிதியில் ஆர்வக்கோளாறில் இறங்கிவிடாதீர்கள், அது காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களுக்கு மட்டும்.

பருவம் தவறிவிட்டால்

செய்யாறு பக்கத்திலுள்ள புரிசையில், கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நாடக விழா நடத்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடுகிற குடும்பம் அது. கோயில் விழாவின் சூழல் அதில் இருக்காது, ஆனால் கூத்தும் நவீன நாடகமும் ஒரே மேடையில் பார்க்கலாம். கிழக்கிலங்கையில் இருப்பவர்களுக்குப் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலும், புத்தளம் பக்கம் இருப்பவர்களுக்கு உடப்பும் இருக்கின்றன, அங்கேயும் பாரதக் கதையை ஒட்டித்தான் தீமிதிப்பு நடக்கிறது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் கூத்து வாத்தியாரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு, அவர்களுக்கு அடுத்த பாரதம் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை சுவரொட்டியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.