எச்டிஎம்ஐ வழியே 5.1 ஒலி: இணைப்பும் அமைப்பும்

5.1 அமைப்பின் ஐந்து ஸ்பீக்கர்களையும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபரையும் சரியாக இணைத்த பிறகும், முன்னால் உள்ள இரண்டில் மட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தால் உடனே கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். டிவியின் ஒலி அமைப்பில் ஒரேயொரு தேர்வு தவறாக இருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முதலில் இணைப்பு. ப்ளூ-ரே பிளேயர், கேம் கன்சோல் போன்றவற்றை ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவியான ரிசீவரில் நேராகச் செருகிவிட்டு, ரிசீவரின் வெளியீட்டு போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை டிவிக்குக் கொண்டுசெல்லுங்கள். டிவியின் பின்புறம் எத்தனை எச்டிஎம்ஐ போர்ட் இருந்தாலும், 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று அச்சிட்டிருப்பது வழக்கமாக ஒன்றுதான். கேபிள் அதில்தான் செருகப்பட வேண்டும். படம் டிவிக்குப் போகும் அதே கேபிளில், டிவியின் செயலிகளில் ஓடும் படத்தின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வரும்; இந்த வசதிதான் ஏஆர்சி. இதற்கு இரு கருவிகளிலும், எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசி வசதியையும் ஏஆர்சியையும் இயக்க வேண்டியிருக்கும்.

இனி அந்தத் தேர்வு. டிவியில் 'டிஜிட்டல் ஒலி வெளியீடு' என்ற இடத்தில் 'பிசிஎம்' (சுருக்காத ஒலி வடிவம்) என்றிருந்தால், டிவி ஒலியைத் தானே பிரித்தெடுத்து அனுப்பும். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்த ஏஆர்சியில் அந்த வடிவத்தில் இரண்டு சேனல்களுக்கு (தனித்தனி ஒலிப் பாதைகளுக்கு) மேல் போகாது என்பதால், மீதி ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். 'பாஸ் த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றினால், டால்பி டிஜிட்டல் 5.1 சுருக்கிய வடிவிலேயே வந்து ரிசீவரில் பிரியும். எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த, ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இரு பக்கமும் இருந்தால், சுருக்காத எட்டு சேனல்கள்கூட இதே வழியில் வரும்.

மாற்றியதும் காதை நம்பாமல் ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். 'டால்பி டிஜிட்டல்' என்று வந்தால் 5.1 வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 'டால்பி சரவுண்ட்' என்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. பல ரிசீவர்களில் அது இரண்டு சேனல் ஒலியை ரிசீவரே எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பிக் கொடுக்கிறது என்பதற்கான அடையாளம். செயலியில் மொழியை மாற்றும்போது 5.1 தடம் ஸ்டீரியோவாகிவிடுவதும் உண்டு. அதற்கு அமைப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் அமரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 பாகையிலும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் சுமார் 110 பாகையிலும், அதாவது தோளுக்குச் சற்றே பின்னாலும் இருக்கட்டும். பிறகு ரிசீவருடன் வந்த மைக்கைக் காது உயரத்தில் வைத்துத் தானியங்கி அளவீட்டை ஓட்டலாம். சப்வூஃபரின் தூரத்தை அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அப்படிக் கணக்கிடுகிறது. சிறிய ஸ்பீக்கர்களுக்கு கிராஸ்ஓவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். வசனத்தின் கனம் சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து வருவதுபோல் தோன்றினால் மட்டும், ஸ்பீக்கர் தாங்கும் அளவுக்கு கிராஸ்ஓவரைக் குறைத்துப் பாருங்கள்.