வெல்டிங் பழக வாறவருக்கு: கண், கரண்ட், கட்டிங் டிஸ்க்

வீட்டுக் கேற், ட்ரெய்லர் பெட்டி, மாட்டுக்கொட்டில் தூண் என்று சின்ன வேலைகளுக்காக இன்வேட்டர் பிளாண்ட் (வெல்டிங் மெசின்) வாங்கியவர்களுக்கு இது. 230 வோல்ட் வீட்டுக் கரண்ட், 2.5 மில்லிமீற்றர் 6013 வெல்டிங் குச்சி, 70 முதல் 90 அம்பியர் என்ற அளவை மனதில் வைத்தே எழுதுகிறேன். குச்சியை உரசிப் பற்றவைப்பது, சீராக ஓட்டுவது எல்லாம் கையால் பழக வேண்டியவை. அவற்றை இங்கே தொடவில்லை.

1. இடம்

சோளகம் வீசுகிற மாதங்களில் பொறி எங்கே போய் விழும் என்று கணிக்க முடியாது. சுற்றிப் பத்து மீற்றருக்குள் காய்ந்த புல், வைக்கோல், கிடுகு, பெற்றோல் கான் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் கிட்ட இருக்கட்டும். பிளக்கைக் கழற்றாமல் பிளாண்ட் பக்கம் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேலை முடிந்த கையோடு சாப்பிடப் போய்விடாமல், குறைந்தது அரை மணித்தியாலம் அங்கேயே நின்று பாருங்கள். வைக்கோலுக்குள் புகுந்த பொறி உடனே எரியாது. புகைந்து புகைந்துதான் பிடிக்கும்.

2. உடுப்பு

பருத்தி நீளக்கை சேர்ட், ஜீன்ஸ், தோல் சப்பாத்து, தோல் கையுறை. சாரமும் பாட்டாவும் வேண்டாம். நைலோன், பொலியெஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும். ஜீன்ஸின் கால் பக்கத்தை மடித்துவிடாதீர்கள், மடிப்புக்குள் பொறி தங்கும். கழுத்தில் துவாய் போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடிக்கவே கூடாது.

3. கரண்ட்

குச்சி இரும்பில் தொடாமல் இருக்கும்போதும் குச்சியைப் பிடிக்கிற ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. வன்னி வெயிலில் கையுறையும் சேர்ட்டும் வியர்வையில் ஊறியபிறகு அதே வோல்ட் ஆளைக் கொல்லப் போதும். இரண்டு சோடி கையுறை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ட்ரெய்லர் பெட்டிக்குள் குந்தியிருந்து ஒட்டும்போது சுற்றவர இரும்புதான். கீழே காய்ந்த பலகை ஒன்றைப் போடுங்கள். குச்சி மாற்றும்போது ஹோல்டரை அக்குளுக்குள் இடுக்குகிற பழக்கத்தை முதல் நாளே விடுங்கள்.

'வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே' என்ற நம்பிக்கை இங்கே உதவாது. பிளாண்டுக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் வீட்டுக் கரண்ட் பக்கத்தையும் ஹோல்டர் பக்கத்தையும் பிரித்துவிடுகிறது. ஹோல்டர் பக்கத்தில் உங்களுக்கு அடிக்கிற கரண்ட் ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியாது. அது காப்பாற்றுவது பிளக் முதல் பிளாண்ட் வரைதான்.

ஏர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குக் கிட்ட, பெயின்ற் சுரண்டிய இரும்பில் போடுங்கள். உழவு இயந்திரத்தில் ஒட்டுவதென்றால் முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கிளிப்பைத் தூரத்தில் போட்டால் கரண்ட் பெயாரிங் வழியாகத் திரும்பி அதையும் தின்றுவிடும்.

4. கண்

பழகுகிறவர்கள் அதிகம் மாட்டுப்படுகிற இடம் இது. நீளமாக ஓட்டும்போது எல்லாரும் முகத்தை மறைக்கிற ஸ்கிறீனைப் பிடிப்பார்கள். அடிபடுவது டக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்த வைக்கிற சின்னப் பொட்டு) வைக்கும்போதுதான். கேற் ஒன்றைப் பொருத்த இருபது முப்பது பொட்டு வைக்க வேண்டும். 'ஒரு செக்கன்தானே, கண்ணை மூடிக்கொள்ளலாம்' என்று ஒவ்வொரு பொட்டுக்கும் தோன்றும். பொறி பற்றிய பிறகுதான் இமை மூடும். அதற்குள் புற ஊதாக் கதிர் உள்ளே போய்விடுகிறது. முப்பது பொட்டும் கண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல அறுக்கும், நீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதுவும் விடாதீர்கள், கண்ணுக்குள் கிருமி போய்விடும். குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் வையுங்கள், கசக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் ஆறும்.

இந்த அம்பியருக்கு 10 ஆம் இலக்கக் கண்ணாடி வேண்டும். கறுப்புக் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. காஸ் வெல்டிங்குக்கான பச்சைக் கண்ணாடியும் போதாது. கையில் பிடிக்கிற ஸ்கிறீனைவிடத் தலையில் போடுவதே நல்லது: ஒரு கை இரும்பைப் பிடிக்க வேண்டியிருக்கும்போது முதலில் கைவிடப்படுவது ஸ்கிறீன்தான். ஸ்கிறீனுக்கு உள்ளே வெள்ளை மூக்குக்கண்ணாடி ஒன்றும் போடுங்கள், ஒட்டின்மேல் படிந்த கசடு தட்டும்போது தெறிப்பது கண்ணுக்குத்தான். பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தம்பிக்கும் தனி ஸ்கிறீன் வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது காணாது, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சுடும்.

5. வெட்டு

நாலு இஞ்சி கிரைண்டரின் மூடியைக் கழற்றி, வாசர் வைத்து ஏழு இஞ்சி டிஸ்க் பூட்டுவதைப் பல இடங்களில் காணலாம். கணக்கைப் பாருங்கள். நாலு இஞ்சி கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. ஏழு இஞ்சி டிஸ்க்கில் அச்சிட்டிருப்பது சுமார் 8,500. அதை 11,000 இல் சுழற்றினால் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேல் ஓடும். டிஸ்க் தாங்குவது 80 மீற்றர். உடைந்தால் துண்டு வயிற்றுக்கோ கழுத்துக்கோதான் வரும்.

டிஸ்க் நடுவிலுள்ள தகர வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும். வாங்கும்போதே பாருங்கள். மாரியில் நனைந்ததைப் பாவிக்காதீர்கள். புது டிஸ்க்கை அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, அதன் நேர்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள். கட்டிங் டிஸ்க்கின் பக்கத்தால் தேய்க்கக்கூடாது.

கிரைண்டர் உதைப்பது எதனால்? பைப்பின் இரண்டு முனைக்கும் கட்டை வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு இறங்க இறங்க வாய் மூடி டிஸ்க்கை நெரிக்கும். வெட்டுகிற துண்டு வெளியே தொங்கும்படி வையுங்கள், வாய் தானாகத் திறக்கும். கரண்ட் நின்றால் முதல் வேலை கிரைண்டர் சுவிட்சை அணைப்பது. பூட்டு விழுந்த சுவிட்சோடு நிலத்தில் கிடக்கிற கிரைண்டர், கரண்ட் வந்ததும் துள்ளும்.

6. தொடக்கூடாதவை

பழைய டீசல், ஒயில் பரலைத் தொட்டியாக்க கிரைண்டரோ வெல்டிங்கோ வைக்காதீர்கள். மணக்காவிட்டாலும் மூட்டுக்குள் ஊறியிருப்பது சூட்டில் ஆவியாகி வெடிக்கும். கழுவினால் போதும் என்பது பிழை. பழகுகிறவர் விட்டுவிட வேண்டிய வேலை இது.

பழைய இரும்பில் இன்னொன்று. 2009 வரை சண்டை நடந்த மண் இது. என்னவென்று தெரியாத துருப்பிடித்த உருளை, ஒரு பக்கம் கூம்பாகவோ வால் செட்டையோடோ இருப்பது, இரண்டு முனையும் அடைத்த பாரமான குழாய் எதையும் வெட்டாதீர்கள், தட்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். ஆட்களை விலக்கி 119 பொலிஸுக்கு அறிவியுங்கள்.

பிறகு சேர்த்தது: ஜி.ஐ. பைப்

ஜி.ஐ. பைப் (நாகம், அதாவது சிங்க் பூசிய இரும்புக் குழாய்) ஒட்டிய இரவில் குளிர் காய்ச்சல் வருவது ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். நாகப் பூச்சின் வெள்ளைப் புகைதான் காரணம். சில மணித்தியாலம் கழித்து நடுக்கம், உடம்புளைவு, வாயில் இரும்பு ருசி வரும். மழைக்காலத்தில் டெங்கு என்று நினைக்கத் தோன்றும், ஆகவே வெல்டிங் செய்ததை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். பால் குடிப்பது இதைத் தடுக்காது. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒட்டுகிற இடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு இஞ்சிக்குப் பூச்சைத் தேய்த்தெடுங்கள். காற்று பக்கவாட்டில் வர நின்று, புகைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாமல் ஒட்டுங்கள். ஒட்டி முடிந்ததும் தேய்த்த இடத்துக்கு நாகப் பெயின்ற் அடிக்காவிட்டால் அடுத்த மாரிக்குத் துரு ஏறும்.